மாசித் தளிர்

தை மாதக் கடைசியில் எங்கள் குடியிருப்பான தாமானுக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் மரங்கள் மஞ்சளடிக்கத் தொடங்கும். பிறகு ஆரஞ்சு, அப்புறம் செங்கல் நிறம். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் போய்வந்த கால்வலி தீர்வதற்குள் பாதி இலை தரைக்கு வந்திருக்கும். மாசி பிறந்து கொஞ்ச நாளில் மரங்கள் மொட்டை. மற்ற மாதங்களில் இலைகளுக்குப் பின்னால் இருந்த இடமே தெரியாத மலைத்தொடர், அப்போது மட்டும் என் சமையலறை ஜன்னலில் தெரியும். பாத்திரம் கழுவும்போது பார்க்க நன்றாக இருக்கும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு குளிர்காலம் முடிவதைப் பற்றி எழுதுகிறாள் பார் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். இங்கே குளிர் என்றால் விடிகாலையில் போர்வையை இழுத்துக்கொள்ளும் அளவுக்குத்தான். வெயில் ஏறினால் அதுவும் போய்விடும். ஆனால் ரப்பர் மரத்துக்கு ஒரு குளிர்காலம் உண்டு. அமேசான் காட்டிலிருந்து வந்த மரம் அது. காய்ந்த மாதங்கள் வந்தால் இருக்கிற இலையையெல்லாம் உதிர்த்துவிட்டுத் தண்ணீரைச் சிக்கனம் பிடிக்கும். கிழக்குக் கரையில் பருவமழை வெள்ளம் வடிந்த பிறகு, மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்குப் பிப்ரவரி கொஞ்சம் காய்ந்த மாதம். மூன்று நான்கு வயது ஆகாத இளம் மரங்கள் மட்டும் இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் பச்சையாகவே நிற்கும். சின்னப் பிள்ளைகளுக்கு என்ன கவலை.

என் தங்கை இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் தாதியாக இருக்கிறாள். இரவு வேலை முடித்து அவள் வீடு திரும்பும் காலை நேரம் எங்களுக்கு மாலைத் தேத்தண்ணி நேரம். பிப்ரவரிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்துகொண்டே கூப்பிட்டாள். “அக்கா, இங்க பாரு, பனியெல்லாம் போயிருச்சு” என்று கைப்பேசியைத் தரைப்பக்கம் திருப்பினாள். சாலையோரப் புல்லில் தலைகுனிந்த சின்ன வெள்ளைப் பூக்கள். ஸ்னோடிராப்பாம். அதை ஒட்டிப் பச்சையாக நாலைந்து முளை, டஃபடில். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு திரைக்குள் எட்டிப் பார்த்தார்.

“அது வெங்காயத்தாள்தானே? பறிச்சிட்டுப் போய் முட்டையோட பொரட்டுனா நல்லாருக்கும்.”

“ஐயோ மா, அது விஷம்!”

“பூவும் விஷம், எலையும் விஷம். என்னா ஊருடி அது.”

டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊர் அது. இப்போது ஐந்தரை வரைக்கும் வெளிச்சம் இருக்கிறது என்று அவள் சொன்னாள், சம்பளம் கூடியதைச் சொல்வது போல. அவள் அப்படிச் சொன்னது என் மனதில் தங்கிவிட்டது. எங்களுக்கு ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம். வெளிச்சத்துக்கு நன்றி சொல்லும் பழக்கம் எங்களிடம் வளரவே இல்லை. வெளிச்சம் போதும் போதும் என்று சொல்லித்தான் பழக்கம்.

அம்மாவுக்கு வெளிச்சத்தின் மேல் வேறொரு வழக்கு இருக்கிறது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் தள்ளி சபா, சரவாக்கோடு சேர்த்தார்கள். அதனால்தான் இந்த மாதங்களில் எங்களுக்கு ஏழரை மணிக்குத்தான் சூரியன் எட்டிப் பார்க்கிறது. அம்மாவைப் போல ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்குக் கடிகாரம் என்ன சொன்னாலும் இருட்டு இருட்டுதான். “மணியத் தள்ளுனவங்க வெய்யிலயும் சேத்துத் தள்ளிருக்கலாம்” என்பார்.

என்னோடு வேலை செய்யும் ஒரு பெண் (நான் இரும்புக் கடை ஒன்றில் கணக்கு பார்க்கிறேன்) புத்தாண்டுக்கு எனக்கு ஒரு நாட்குறிப்பு கொடுத்தாள். தினமும் இரவில் அன்றைக்கு மகிழ்ச்சி தந்த மூன்று விஷயங்களை அதில் எழுத வேண்டுமாம். நல்ல தாள், துணி அட்டை. எனக்கு இந்த மாதிரி ஏற்பாடுகள் மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. மூன்று என்று கணக்கு வைத்துவிட்டால், இரவு பத்து மணிக்கு மூன்றாவதைத் தேடித் தலையைச் சொறிய வேண்டியிருக்கிறது. பலகாரம் நன்றாக இருந்தது, மழை நன்றாக இருந்தது என்று எழுதிப் பார்த்தேன். எழுதியதைப் படித்தால் யாரோ எழுதியது போல இருந்தது. இப்போது அதில் எரிவாயுத் தோம்பு எப்போது மாற்றியது, யாருக்கு எவ்வளவு கைமாற்று என்பதெல்லாம் இருக்கிறது. அப்படித்தான் எனக்கு அம்மாவின் 555 கணக்குப் புத்தகம் ஞாபகம் வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தாமானின் கடைசி வரிசை வீடுகளைத் தாண்டினால் ஒரு கால்வாய், அதற்கு அந்தப் பக்கம் ஒரு சிறு ரப்பர் தோட்டம். சொந்தக்காரர் ஒரு மலாய்ப் பெரியவர். எங்களுக்கு அவர் பாக்சிக், அதாவது மாமா. சுற்றிலும் செம்பனை. என் சிறுவயதில் ஈப்போ போகும் சாலையின் இரண்டு பக்கமும் ரப்பராகத்தான் இருந்தது. 1980-கள் முழுக்க உலகத்திலேயே அதிகமாக இயற்கை ரப்பர் கொடுத்த நாடு இது. பிறகு விலையும் இறங்கியது, வெட்ட ஆளும் கிடைக்கவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான்கள் வந்தன. பாக்சிக் மட்டும் பிடிவாதமாக அந்த மரங்களை வைத்திருக்கிறார். பிள்ளைகள் கோலாலம்பூரில். விற்றுவிடச் சொல்கிறார்களாம்.

அம்மா எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். முழங்கால் சரியில்லை. வெயில் தாழ்ந்ததும் குடையை ஊன்றிக்கொண்டு அந்தக் கால்வாய்ப் பாலத்தைக் கடந்து நடப்பார். துணைக்கு நான். மாசி நடுவில் புதுத் தளிர் வந்துவிடும். அது வந்திருக்கும்போது நீங்கள் ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் நின்றிருக்கிறீர்களா? இலை மூன்று மூன்றாக, செம்பு நிறத்தில், விறைப்பே இல்லாமல் கீழ்நோக்கித் தொங்கும். எண்ணெய் தடவின பளபளப்பு. சாய்ந்த வெயில் அதற்குள் புகுந்து வரும்போது கீழே நிற்பவர்களின் முகமெல்லாம் சிவப்பு. தரையில் காய்ந்த இலை கணுக்கால் வரை. நடந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, அவ்வளவு சத்தம். மேலே தேனீக்களின் ரீங்காரம் வேறு. ரப்பர் பூவில் இருக்கும் தேனைவிட இளந்தளிரின் காம்பு முனையில் சுரக்கும் தேனுக்குத்தான் அவை வருகின்றன. இலை முற்றினால் அந்தச் சுரப்பு நின்றுவிடும்.

“பாருங்கம்மா, எவ்ளோ அழகா இருக்கு!” என்றேன்.

அவர் மேலே பார்க்கவில்லை. குடையைப் பாலத்தின் கம்பியில் மாட்டிவிட்டு, சிரமப்பட்டுக் குனிந்து, காற்றில் விழுந்திருந்த ஒரு தளிரை எடுத்தார். உள்ளங்கையில் விரித்தார். பின்பக்கம் திருப்பிக் கட்டைவிரலால் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

“மாவு புடிக்கல. நல்லாருக்கு.”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புதுத் தளிரில் வெள்ளை மாவாகப் படரும் ஒரு பூஞ்சை உண்டு. ஓயிடியம் என்று தோட்டத்துக் கிராணி (கணக்கர்) சொல்வாராம். அது பிடித்தால் வந்த தளிரும் கொட்டிப்போகும். மரம் மறுபடியும் முதலிலிருந்து தளிர்க்க வேண்டும், பால் இன்னும் தள்ளிப்போகும். அதைத் தடுக்க விடிவதற்கு முன்பு, இலையில் ஈரம் இருக்கும்போதே கந்தகத் தூள் அடிப்பார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் வரைக்கும் அந்த நாற்றம் வரும், துவைத்துக் காயப்போட்ட துணியிலும் ஏறிவிடும் என்றார். “அந்த நாத்தம் வந்தா எங்களுக்கு ஒரு நிம்மதி. மரத்தப் பாக்குறாங்கன்னு அர்த்தம்.”

பிறகு மரங்களைப் படிக்கத் தொடங்கினார். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு மரமாக நின்று, வெட்டு விழுந்த பட்டையில் விரலை ஓட்டினார். வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக, மரத்தின் அரைச்சுற்றுக்குச் சாய்ந்து இறங்க வேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று இருக்கிறது. கத்தி அதைத் தொடாமல், அதற்கு மயிரிழை முன்னால் நிற்க வேண்டும். தொட்டுவிட்டால் மரம் புண்ணாகும். அந்த இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும், சில ஆண்டு கழித்து அந்தப் பக்கம் திரும்பி வரும்போது வெட்ட முடியாது. பாக்சிக்கின் மரங்களில் அம்மாவின் விரல் அடிக்கடி நின்றது.

“இங்க பாரு, காயம். இங்கயும். கை வேகம் அந்தாளுக்கு. கத்தி வேற மொண்ணை. மொண்ணைக் கத்திய வெச்சுக்கிட்டு அழுத்துனா இப்பிடித்தான் உள்ள போவும்.”

“பாக்சிக்குக்கு வயசாச்சும்மா.”

“எனக்கு ஆவலியா?”

காய்ந்த வெட்டுக்கோட்டில் ஒட்டியிருந்த ஒட்டுப்பாலை நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பில் நாடாவாக உரித்தார். அதை என் கையில் கொடுத்தபோது ஞாபகம் வந்தது. நாங்கள் இதைச் சுற்றிச் சுற்றித்தான் பந்து செய்வோம். தரையில் அடித்தால் லயத்துக் கூரைக்கு மேலே போகும். ரப்பர் கொட்டையைச் சிமெண்டில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைப்பது இன்னொரு விளையாட்டு. காய் வெடித்துக் கொட்டை சிதறும் மாதங்களில் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோர் உடம்பிலும் சூட்டுத் தழும்பு இருக்கும்.

இங்கே அந்த 555. மலேசியாவில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளங்கை அளவு, அட்டையில் 555 என்று போட்ட குட்டிப் புத்தகம். மளிகைக் கடைக்காரரிடம் ஒன்று, வீட்டில் ஒன்று. அரிசி, சீனி, மண்ணெண்ணெய், கருவாடு, தேதி, தொகை. சம்பள நாளில் கூட்டிக் கழித்துக் கோடு போடுவார்கள். இலை கொட்டும் மாதங்களில் அந்தக் கோடு விழாது. மரத்தில் இலை இல்லையென்றால் பால் இல்லை, தளிர் வரும்போதும் மரம் தன் சத்தைத் தளிருக்குத்தான் கொடுக்கும். பால் பிடிக்கும் மங்கு நிறைய வேண்டிய இடத்தில் அடியில் கொஞ்சம் தேங்கும். எடைக்குக் கிடைக்கும் காசு போய்விடும். பலரை வெளிக்காட்டு வேலைக்கு, புல் வெட்டவும் கான் (வடிகால்) தோண்டவும் மாற்றிவிடுவார்கள். சில நாள் அதுவும் இருக்காது. தோட்டத்தில் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: எலை கொட்டுனா வயிறு காயும்.

எனக்கோ, ஆண்டிலேயே நல்ல மாதங்கள் அவைதான்.

மற்ற நாட்களில் அம்மாவை நான் காலையில் பார்த்ததே இல்லை. நாங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போய்விடுவார். குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் மரத்துக்குள் பாலின் அழுத்தம் அதிகம், வெயில் ஏறினால் ஒழுகுவது குறையும், அதனால் இருட்டிலேயே வெட்ட வேண்டும். என்னையும் தங்கையையும் ஆயாக்கொட்டாயில் விட்டுவிடுவார்கள். அங்கே இருந்த ஆயா நல்லவர்தான், ஆனால் தலை வாரினால் மண்டைத்தோல் கழன்றுவிடும். இலை கொட்டும் மாதங்களில் மட்டும் கண் விழிக்கும்போது அம்மா அடுப்படியில் இருப்பார். விறகு அடுப்பின் வெளிச்சம், வரக்கோப்பி வாசனை, அம்மாவின் முதுகு. பகலில் அம்மா வீட்டில் இருக்கிறார் என்பதே திருவிழா. வாசல்படியில் என்னை முன்னால் உட்காரவைத்து, அவசரமில்லாமல் பேன் பார்ப்பார். அப்போது வீட்டில் சோறு குறைந்தது எனக்குத் தெரியவில்லை. மரவள்ளிக்கிழங்கு அடிக்கடி வந்தது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

இதை அன்றைக்கு அந்த மரங்களுக்கு நடுவே அம்மாவிடம் சொன்னேன். முதல் தடவையாகச் சொல்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

“ஒனக்கு நல்லாத்தான் இருந்திருக்கும். கடக்காரன் முன்னாடி நின்னது நானில்ல?” என்றார்.

கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு அவரே, “ஆனா ஒன் தலைல அவ்ளோ பேன் இருந்துச்சுன்னு எனக்கு அந்த மாசத்துலதான் தெரியும்” என்று சிரித்தார். “ஒன் தங்கச்சிக்குக் காதுக்குப் பின்னாடி ஒரு மச்சம் இருக்கே, அத நான் பாத்ததே அவளுக்கு மூணு வயசுல, ஒரு மாசி மாசத்துல. அதுவரைக்கும் புள்ளைய வெளிச்சத்துல வெச்சுப் பாத்ததில்ல.”

வீட்டுக்கு வந்ததும் தங்கைக்கு அதைத் தட்டிவிட்டேன். அங்கே இன்னும் மதியம் ஆகவில்லை, இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். உடனே தன் காதைப் படமெடுத்து அனுப்பினாள். அவளுக்கே தெரியாதாம்.

லயத்து வீடு தோட்டத்துடையது. வேலை இருக்கும்வரை வீடு. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போகத் தொடங்கியபோது எத்தனையோ குடும்பங்கள் வேலையும் வீடும் ஒரே நாளில் இழந்து நின்றன. எங்கள் ஊரில் பிறந்த அமைச்சர் துன் சம்பந்தன் அதைப் பார்த்துத்தான் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பின்னாளில் அப்பாவும் அதில் பங்கு எடுத்தார். அந்தக் காகிதம் அலமாரியில், கல்யாணப் பட்டுக்கு அடியில் இருக்கிறது. அப்பா போன பிறகும் அம்மா அதை இடம் மாற்றவில்லை.

அதனால் இந்த வீட்டில் எனக்குக் கிடைக்கும் சந்தோஷங்களில் பாதி, சொந்த வீடு என்பதிலிருந்து வருகிறது. சுவரில் ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாம். அம்மா இன்றைக்கும் ஆணி அடிக்கும்போது ரசித்து அடிப்பார். தேவையில்லாத இடத்திலெல்லாம் எங்கள் வீட்டில் ஆணி உண்டு.

எங்களுடையது முனை வீடு. பக்கத்தில் கால்வாய் வரைக்கும் இருக்கும் நிலம் அரசாங்கத்துடையது, ஆனால் அதில் முருங்கை, கறிவேப்பிலை, ரெண்டு வாழை, ஒரு டுரியான் நிற்கின்றன. டுரியான் அப்பா கொட்டை போட்டு வந்தது. கொட்டையிலிருந்து வரும் டுரியான் சாவகாசமாகத்தான் பூக்கும். அப்பா அந்தப் பூவைப் பார்க்கவில்லை. மாசி வறட்சிக்குப் பிறகு ஒரு நல்ல மழை பெய்தால் தடித்த கிளைகளில் நேரடியாகக் கொத்துக் கொத்தாக மொட்டு கிளம்பும். பிற்பகலில் விரிந்து, இருட்டியதும் வௌவால்கள் வந்து தேன் குடித்து, மகரந்தத்தை மரத்துக்கு மரம் எடுத்துப் போகும். விடிந்தால் பூவெல்லாம் தரையில். புளித்த பால் வாசனை. என் வீட்டுக்காரருக்கு அந்த வாசனை ஆகாது. எனக்கும் அம்மாவுக்கும் அந்தப் பூவைக் கூட்டி அள்ளுவது யார் என்பதில் போட்டி. பழம் விழும் காலத்தில் அரசாங்க நிலத்து மரம் என்பதால் முதலில் எழுந்தவருக்கே பழம். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி இந்த விஷயத்தில் எங்களை எப்போதும் தோற்கடிப்பார்.

மோர்மிளகாய் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்தக் காய்ந்த வாரங்களை விட்டால் பிறகு இல்லை. மார்ச் பாதிக்கு மேல் காற்று திசை மாறும் காலம், பிற்பகல் ஆனால் இடியும் மழையும் வந்துவிடும். கேமரன் மலையிலிருந்து வரும் குட்டை மிளகாயை அம்மா இரவுச் சந்தையில் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். கடைக்காரப் பையன் “பாட்டி, அள்ளிப் போடட்டா?” என்பான். இவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். நுனியைக் கீறி, உப்புத் தயிரில் ஊறவைத்து, பகலில் வெயில், இரவில் மறுபடி தயிர். தயிர் முழுக்க உள்ளே போய் மிளகாய் வெளுக்கும் வரை இதே வேலை.

இந்த நாட்களில் எங்கள் குடும்பம் முழுவதும் வானிலை ஆய்வு மையம் ஆகிவிடும். வீட்டுக்காரருக்கு ஈப்போ தொழிற்சாலையில் இரவு வேலை, பகலில் தூங்குவார். மகன் படிவம் மூன்று, இரண்டு மணிக்கு மேல்தான் வருவான். நான் கடையில். அம்மாவால் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ஆகவே அம்மா வாசலில் நாற்காலி போட்டு மேகத்தைக் கண்காணிப்பார், கறுத்தால் குரல் கொடுப்பார், வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தில் கைலியை இடுக்கிக்கொண்டு ஓடி வந்து எடுக்க வேண்டும். மேகம் ஏமாற்றிவிட்டுப் போனால் மறுபடி வெளியே வைக்க வேண்டும். ஒருநாள் மூன்று தடவை எழுப்பினாராம். “அத்தை, மழை பெஞ்சு நனைஞ்சா நானே புதுசு வாங்கித் தந்துடறேன், தூங்க விடுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். அன்றைக்கு இரவு வேலைக்குக் கிளம்பும்போது தயிர்சாதத்தோடு பொரித்த மிளகாய் நாலு அவர் டப்பாவில் இருந்தது. அடுத்த நாள் மேகம் கறுத்ததும் யாரும் கூப்பிடாமலே எழுந்து வந்ததாக அம்மா பெருமையாகச் சொன்னார்.

பள்ளி விடுமுறையில் எல்லோருமாகக் கோலகங்சார் போனோம். மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு ஒரு ரப்பர் மரத்தை வைத்திருக்கிறார்கள். 1877-இல் சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகளில் ஒன்பதை அங்கே நட்டார்கள். அந்தக் காலத்து மரம் இது. என் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்ததற்கே இந்த மரம்தான் காரணம் என்று மகனிடம் கொஞ்சம் நீளமாகவே பேசிவிட்டேன். அவன் படம் எடுத்தான். அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். கும்பிடுவாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. “பட்டையெல்லாம் முண்டும் முடிச்சும். இதுல ஒரு மங்கு பாலு வராது” என்று சொல்லிவிட்டு, லக்சா சாப்பிடப் போகலாம் என்றார். கோலகங்சார் லக்சா நன்றாக இருந்தது. அதற்கே இன்னொரு தடவை போகலாம்.

ஊருக்குள் பேருந்து நிலையத்துப் பக்கம் மின்கம்பிகளில் மாலையானால் தகைவிலான் குருவிகள் வரிசை கட்டி உட்காரும். வடக்கே சீனா, சைபீரியா பக்கத்துக் குளிருக்குத் தப்பி வருபவை. அஞ்சடியில் (கடைமுன் நடைபாதையில்) கடை வைத்திருப்பவர்களுக்கு அவற்றைக் கண்டால் ஆகாது. கீழே நிறுத்திய காரெல்லாம் வெள்ளைப் புள்ளி. மார்ச் மாதத்தில் வரிசையில் இடைவெளி விழத் தொடங்கியது. “சித்தி ஊருக்குப் போகுதுங்களாம்மா?” என்றான் மகன். இல்லை, இங்கிலாந்துக் குருவிகள் ஆப்பிரிக்காவுக்குப் போய்த் திரும்புகிறவை, இவை வேறு கூட்டம் என்றேன். அவனுக்கு ஏமாற்றம். தங்கையிடம் அன்றைக்குப் பேசும்போது, “சித்தி, ஒங்க குருவி ஆப்பிரிக்காவுல இருந்து வந்துச்சா?” என்று கேட்டான். அவள் இன்னும் பார்க்கவில்லை, ஏப்ரலில் வருமாம், வந்தால் சொல்கிறேன் என்றாள். இப்போது வாரா வாரம் இதே விசாரணை.

பங்குனி தொடங்கியபோது பாக்சிக்கின் தோட்டம் இளம்பச்சைக்கு வந்துவிட்டது. இலை நிமிர்ந்துவிட்டது. ஜன்னலில் மலை மறைந்தது. அம்மா தினமும் ஓர் இலையைக் கிள்ளி, விரலிடுக்கில் மடக்கிப் பார்த்து, இன்னும் முத்தல, இன்னும் முத்தல என்று வந்தார். ஒரு மாலை மடக்கிய இலை ‘டக்’கென்று ஒடிந்தது. “நாளைக்கு அவர் வெட்டலாம்” என்றார். பாக்சிக்கிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் இருட்டில் அந்தப் பக்கம் விளக்கு ஒன்று மரத்துக்கு மரம் நகர்ந்தது. அம்மா ஏற்கெனவே எழுந்து ஜன்னலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார், ஒரு மரத்துக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று.

“ரொம்ப நேரம் எடுக்குறாரு. கத்தி மொண்ணைன்னு சொன்னேன்ல.”

பரணில் இருந்த பெட்டியை இறக்கச் சொன்னார். அதில் அவருடைய தீட்டுக்கல் இருந்தது, நடுவில் தேய்ந்து குழிந்துபோய். பழைய துணியில் சுற்றி, “பாக்சிக்கிட்ட குடுத்துட்டு, முதல்ல மெதுவாத் தீட்டச் சொல்லு, தண்ணி தொட்டுக்கச் சொல்லு, மரத்தப் போட்டு அழுத்த வேணாம்னு சொல்லு” என்று பேரனிடம் கொடுத்தனுப்பினார். அவன் இத்தனையையும் மலாயில் எப்படிச் சொன்னானோ தெரியவில்லை. அன்று சாயங்காலம் எங்கள் வேலியில் ஒரு கட்டு பெத்தாய்க்காய் தொங்கியது. அம்மா அதை அவிழ்த்து ஒவ்வொரு காயாக எண்ணினார்.

“அந்தக் கல்லு எப்பிடிப்பட்ட கல்லு. இது பத்தாது” என்றவர், நெத்திலியை ஊறப்போடச் சொல்லிவிட்டு மிளகாய் கிள்ள உட்கார்ந்தார்.